பழனி நடையும் தினசரி நடையும்: எடை குறைய வாரத்தில் எத்தனை நாள்?

தைப்பூசம் முடிந்து பழனியிலிருந்து திரும்பிய எதிர்வீட்டு அண்ணன், கால் கொப்புளத்துக்கு மருந்து போட்டபடி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கூப்பிட்டார்.

"ஏந் தம்பி, குன்றக்குடியிலருந்து பழனி வரைக்கும் நடந்திருக்கேன். வந்து மெஷின்ல ஏறி நின்னா, போறதுக்கு முந்தி இருந்ததைவிட அரைக் கிலோ கூடக் காட்டுது. இது என்ன கணக்கு?"

"வழியில என்னண்ணே சாப்பிட்டீக?"

"அதெல்லாம் ஒரு குறையும் இல்ல" என்றார், முகம் மலர்ந்து.

அண்ணனின் கேள்விக்குள் எடைக் குறைப்பின் பாதிப் பாடம் இருக்கிறது. குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனி போகும் நகரத்தார் பாதயாத்திரை எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. 150 கிலோமீட்டரை ஒட்டிய நடை, ஏறக்குறைய ஒரு வாரம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் நடந்தால் சுமார் 50 கலோரி செலவாகும். அப்படியானால் மொத்த யாத்திரைக்கும் 7500 கலோரி. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்பது கிட்டத்தட்ட 7700 கலோரி. ஆக, காலில் கொப்புளம் வர நடந்து முடித்தால், வழியில் வீட்டில் சாப்பிடும் அளவுக்கே சாப்பிட்டிருந்தால், கரைவது ஒரு கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. ஆனால் வழியெங்கும் பந்தல். பானகம், சுக்குக் காபி, பொங்கல், சாப்பாடு, மறுபடி டீ. நடந்த களைப்பில் பசியும் இரட்டிப்பாகும். போதாததற்கு, பல நாள் தொடர்ந்து நடந்த தசைகள் வீங்கிக் கொஞ்சம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அண்ணனின் அரைக் கிலோ எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரியும்.

இன்னொரு கணக்கையும் போட்டுக் காட்டினேன். தினமும் அரை மணி நேரம், சுறுசுறுப்பான நடை. இரண்டரைக் கிலோமீட்டர் ஆகும். வாரத்தில் ஐந்து நாள் என்றால் வருஷத்துக்கு 260 நாள், 650 கிலோமீட்டர். கொப்புளம் இல்லாமல், லீவு போடாமல், பழனிக்கு நான்கு தடவைக்கு மேல் நடந்த மாதிரி. அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

பாதயாத்திரையைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது நேர்த்திக்கடன், அதன் பலன் எடைமெஷினில் பார்க்கும் பலன் இல்லை. எடை குறைய வேண்டும் என்றால் அது வேறு கணக்கு, அவ்வளவுதான்.

வாரக் கணக்கு

பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு இது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி. இரண்டையும் கலந்தும் செய்யலாம். இதோடு வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கு வேலை கொடுக்கும் பயிற்சி. 65 வயதைத் தாண்டியவர்கள் விழாமல் நிலைத்து நிற்கப் பழகும் பயிற்சிகளையும் வாரத்தில் மூன்று நாள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மிதமானது எது, கடுமையானது எது? கருவி எதுவும் வேண்டாம். நடக்கும்போது பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிகிறது, ஆனால் பாட்டுப் பாட மூச்சு போதவில்லை என்றால் அது மிதமான வேகம். இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் பேச முடியாமல் மூச்சு வாங்கினால் கடுமையானது. முருகன் பாட்டை ராகம் பிசகாமல் பாடிக்கொண்டே நடக்க முடிகிறதா? அது உலாத்துவது. அதுவும் உட்கார்ந்திருப்பதைவிட மேல்தான். ஆனால் இந்த 150 நிமிடத்தில் அதைச் சேர்க்க முடியாது.

முன்பெல்லாம் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்பார்கள். அந்த நிபந்தனையை இப்போது எடுத்துவிட்டார்கள். காலையில் பதினைந்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் பதினைந்து என்று பிரித்தாலும் செல்லும். சொல்லப்போனால் சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது ரத்தச் சர்க்கரை ஏறுவதை நன்றாகவே மட்டுப்படுத்தும். தினம் பத்தாயிரம் அடி என்கிற கணக்கைப் பற்றிக் கேட்பீர்கள். அது 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவர்கள் ஆராய்ந்து வைத்த எல்லைக்கோடு இல்லை. பத்தாயிரம் நடக்க முடிந்தால் நல்லது. ஆறாயிரத்தோடு நின்றுவிட்டோமே என்று வருந்த வேண்டியதில்லை.

சரி, வாரத்துக்கு 150 நிமிடம்தானே, ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் முடித்துவிட்டால் என்ன? அண்ணனும் இதைக் கேட்டார். நேர்மையாகச் சொன்னால், இதயத்தைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கான பதில் பலர் நினைப்பது போல இல்லை. வாரக் கடைசி ஒன்றிரண்டு நாளிலேயே மொத்த நிமிடத்தையும் முடிக்கிறவர்களுக்கும் பலன் ஏறக்குறைய அதே அளவு கிடைப்பதாகச் சமீபத்திய பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேலைக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்களுக்கு இது நல்ல செய்தி.

ஆனாலும் பிரித்துச் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நடந்து முடித்த தசை, ரத்தத்திலிருந்து சர்க்கரையை எளிதாக இழுத்துக்கொள்ளும். அந்தத் தன்மை ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்தான் இருக்கும். அப்புறம் மங்கிவிடும். அதனால்தான் சர்க்கரை நோயாளிகளுக்கு, தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் உடற்பயிற்சியை விடாதீர்கள் என்று மருத்துவ வழிகாட்டுதல்களே சொல்கின்றன. இரண்டாவது, ஆறு நாள் நாற்காலியில் இருந்த முழங்காலும் குதிகாலும் ஏழாவது நாள் இரண்டரை மணி நேர நடையைத் தாங்காது. மூன்றாவது எனக்கு முக்கியமாகப் படுகிறது: வாரத்தில் ஒரே நாள் என்று வைத்தால், அந்த ஒரு நாளில் ஒரு காதுகுத்து வந்தால் போதும், வாரமே போச்சு. எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமைகளில் விசேஷம் இல்லாத வீடு எது?

எனவே நான் பிடித்துக்கொண்டது ஒரே விதி. ஒரு நாள் விடலாம். கல்யாணம் என்றால் இரண்டு நாளும் விடலாம். மூன்றாவது நாள் விடக் கூடாது.

அம்மியும் ஆட்டுக்கல்லும் போன பிறகு

நடை மட்டும் போதாது. எடை குறையும்போது கொழுப்பு மட்டும் போவதில்லை, கூடவே தசையும் போகும். சாப்பாட்டை மட்டும் குறைத்து இளைத்தால் போகிற எடையில் ஏறக்குறைய கால் பங்கு தசையாக இருக்கலாம். தசை போனால் பலம் போகும், உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் கலோரியும் குறையும். பிறகு பழையபடி சாப்பிட ஆரம்பித்தால் எடை திரும்ப ஏறும், ஆனால் கொழுப்பாக ஏறும்.

அந்தக் காலத்து வளவு வீட்டில் இந்தப் பிரச்சினைக்குத் தனியாக வழி தேட வேண்டியிருக்கவில்லை. கிணற்றில் நீர் இறைப்பது தோளுக்கு, ஆட்டுக்கல் கைக்கும் முதுகுக்கும், உலக்கை முழு உடம்புக்கும். அந்த வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கிரைண்டர் வந்ததில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது.

ஜிம்முக்குப் போக வாய்ப்பிருந்தால் போகலாம். இல்லாவிட்டால் வீட்டிலேயே: நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்துத் தடவை உட்கார்ந்து எழுவது. தூணிலோ சுவரிலோ இரண்டு கையையும் ஊன்றி, மார்பு நெருங்கும்வரை சாய்ந்து தள்ளி நிமிர்வது, பத்துத் தடவை. வாசற்படியில் ஏறி இறங்குவது, ஒவ்வொரு காலுக்கும் பத்து. இரண்டு பாட்டிலில் தண்ணீர் நிரப்பித் தோளுக்கு மேல் தூக்குவது. கொஞ்சம் ஓய்வு விட்டு இதையே இரண்டு மூன்று சுற்று. இருபது நிமிடம் ஆகும். திங்கள், வியாழன் என்று இடைவெளி விட்டு இரண்டு நாள் போதும், ஏனென்றால் வேலை செய்த தசை தன்னைச் சரிசெய்துகொள்ள நேரம் கேட்கும். பத்துத் தடவை சுலபமாகிவிட்டால் பன்னிரண்டாக்குங்கள். சுலபமாகவே இருக்கும் பயிற்சியால் தசை வளராது.

எத்தனை கிலோ, எத்தனை மாதம்

"மகளுக்கு ஆவணியில கல்யாணம். அதுக்குள்ள பதினஞ்சு கிலோ குறைக்கணும்" என்று வைகாசியில் கிளம்புகிறவர்களை எனக்குத் தெரியும். பலர் ஆனியிலேயே விட்டுவிடுவார்கள்.

பாதுகாப்பான வேகம் வாரத்துக்கு அரைக் கிலோ, அதிகம் போனால் ஒரு கிலோ. முதல் இலக்காக, இப்போதைய எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை வைத்துக்கொள்ளலாம். காலம் ஆறு மாதம். அந்த அளவு குறைந்தாலே ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு மூன்றிலும் மாற்றம் தெரியும்.

அண்ணன் உயரம் 162 செ.மீ., எடை 76 கிலோ. எடையை, மீட்டரில் சொன்ன உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 29 வருகிறது. பி.எம்.ஐ. என்று சொல்வது இந்த எண்ணைத்தான். நம் நாட்டவருக்கு 23-க்குக் கீழே இருந்தால் சரி, 23-க்கு மேல் அதிக எடை, 25-ஐத் தொட்டால் உடல் பருமன். மேல்நாட்டு அட்டவணையில் இந்த எல்லைகள் 25, 30 என்று இருக்கும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. குறைந்த எடையிலேயே நம்மவர்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை வந்துவிடுகிறது என்பதால்தான் நமக்கு எல்லையைக் குறைத்தார்கள். இடுப்புச் சுற்றளவு இன்னும் நல்ல அளவுகோல்: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. தையற்காரர் டேப் ஒன்று இருந்தால் போதும்.

சரியான எடைக்கு வர அண்ணன் பதினாறு கிலோ குறைய வேண்டும். அதை அவரிடம் சொல்லவில்லை. ஐந்து சதவீதம் என்றால் நான்கு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று மாதத்தில் நான்கு கிலோ என்று ஆரம்பித்தோம். வாரத்துக்கு 300 கிராம்.

இப்போது கசப்பான பகுதி. வாரம் அரைக் கிலோ கொழுப்பு குறைய, நாள் ஒன்றுக்கு 550 கலோரி பற்றாக்குறை வேண்டும். அரை மணி நேர நடை தருவது 130 கலோரி சுமார். மீதி நானூற்றுச் சொச்சம் தட்டிலிருந்துதான் குறைய வேண்டும். நடந்து மட்டும் இளைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. அதைக் கரைக்க இரண்டரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். அதாவது காலையில் ஊருணியைச் சுற்றி வந்த மொத்த நடையும் கத்திரிக்காய் வறுவலில் கூடுதலாக விழுந்த ஒரு கரண்டிக்குச் சரியாகப் போய்விடும்.

செட்டிநாட்டுச் சமையல் என்றாலே மசாலாவைப் பழிப்பார்கள். மிளகும் கல்பாசியும் அன்னாசிப்பூவும் யாரையும் குண்டாக்கியதில்லை. எடை ஏற்றுவது எண்ணெய், அரைத்து ஊற்றும் தேங்காய், அப்புறம் டின் டின்னாகச் செய்து வைக்கும் தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம். வெள்ளைப் பணியாரம் எண்ணெயில் பொரித்து எடுப்பது. குழிப்பணியாரத்துக்குக் குழிக்கு அரைத் தேக்கரண்டி எண்ணெய் போதும். இரண்டும் பணியாரம்தான், கணக்கு வேறு. கவுனி அரிசி கறுப்பாக இருப்பதால் உடம்புக்கு நல்லது என்பார்கள். அரிசி நல்லதுதான், தவிடு நீங்காதது, நார்ச்சத்து உள்ளது. ஆனால் அதில் சேரும் சர்க்கரையும் நெய்யும் தேங்காய்ப்பூவும் கறுப்பில்லையே.

அப்படியென்றால் நடை எதற்கு? இரண்டு காரணம். இளைத்த எடையை இளைத்தபடியே வைத்திருப்பது நடைதான். அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். பதின்மூன்று கிலோவுக்கு மேல் குறைத்து, ஒரு வருஷமாவது திரும்ப ஏறாமல் காத்தவர்கள் அதில் சேரலாம். அவர்களில் பெரும்பாலோர் தினமும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறவர்கள்.

இன்னொரு காரணம் நம்மூர் ஆய்விலிருந்து. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 531 பேரை வைத்து நடத்தியது, 2006-இல் வெளிவந்தது. பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்தது. தினமும் அரை மணி நேர நடையும் உணவுக் கட்டுப்பாடும் கடைப்பிடிக்கச் சொல்லித் தொடர்ந்து ஊக்கப்படுத்தியவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அவர்களின் எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவே இல்லை. மெஷின் அசையாதபோதும் உள்ளே வேலை நடந்திருக்கிறது.

இதனால்தான் இலக்கைக் கிலோவில் வைக்காதீர்கள் என்று நான் சொல்வது. கிலோ நம் கையில் இல்லை. முந்தின நாள் விருந்தில் உப்பு கூடிப்போனால் மறுநாள் காலை ஒரு கிலோ ஏறிக் காட்டும், அது தண்ணீர். மாதவிடாயை ஒட்டிய நாட்களிலும் அப்படித்தான். "இந்த வாரம் அரைக் கிலோ" என்பதற்குப் பதில் "இந்த வாரம் ஐந்து நாள் நடை, இரண்டு நாள் தசைப் பயிற்சி, எண்ணெய்ப் பலகாரம் ஒரே ஒரு நாள்" என்று வைத்துக்கொண்டால், செய்தோமா இல்லையா என்பது ராத்திரியே தெரிந்துவிடும். எடையை வாரம் ஒரு முறை, ஒரே கிழமை, காலைக்கடன் முடித்த கையோடு பார்த்தால் போதும். சில மாதம் போனபின் எடை குறையாமல் நின்றுவிடும். உடம்பு சிறுத்தால் அதன் செலவும் சிறுக்கும், அதனால் வருவது. அப்போது நடையில் பத்து நிமிடம் கூட்டவோ, சோற்றில் ஒரு கை குறைக்கவோ செய்ய வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது

அண்ணன் தொடங்கியது வாரம் நான்கு நாள், பதினைந்து நிமிடம். யாத்திரை போனவருக்கு இது அவமானமாக இருந்தது. ஆனாலும் ஒத்துக்கொண்டார். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி, ஒரு மாதம் ஆவதற்குள் அரை மணி நேரம். அதன் பிறகு ஐந்தாவது நாள். பங்குனி, சித்திரையில் எங்கள் பக்கத்து வெயிலில் காலை ஏழு மணிக்கு மேல் நடப்பது தண்டனை. ஆறுக்கு முன்னால் கிளம்ப வேண்டும், இல்லாவிட்டால் பொழுது சாய்ந்த பிறகு. மழைக்காலத்துக்கு, ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீடு இருக்கவே இருக்கிறது.

பழக்கம் படிய எத்தனை நாள்? இருபத்தொரு நாள் என்று பரவலாகச் சொல்கிறார்கள். பிள்ளையார் நோன்புக்கு இருபத்தொரு நாள் சரி. உடற்பயிற்சிக்குப் போதாது. லண்டனில் நடந்த ஓர் ஆய்வில், புதிதாகத் தொடங்கிய ஒரு செயல் தானாக வரும் பழக்கமாக மாற நடுத்தரக் கணக்கில் 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு எட்டு மாதத்துக்கும் மேல் ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டதால் பழக்கம் கெட்டுவிடவும் இல்லை.

சிலர் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்: நெஞ்சு வலியோ நடக்கையில் மயக்கமோ வந்தவர்கள், இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், இன்சுலினோ சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர்கள். கடைசியாகச் சொன்னவர்களுக்கு நடையின்போது சர்க்கரை திடீரென இறங்கலாம், சட்டைப்பையில் குளுக்கோஸோ சர்க்கரையோ இருக்கட்டும். நாள்பட்ட சர்க்கரையால் பாதம் மரத்துப் போனவர்கள் தினசரி நடைக்கு வெறுங்காலோடு போகவே கூடாது. திரும்பி வந்ததும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும்.

அண்ணன் வீட்டுச் சுவரில் தினசரிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு மாதக் காலண்டர் மாட்டியிருக்கிறார். நடந்த நாளுக்கு ஒரு கோடு. போன மாதம் தேவகோட்டையில் ஒரு கல்யாணம், இரண்டு நாள் கோடு இல்லை. மூன்றாவது நாளும் வந்தவர்களை வழியனுப்பியே பொழுது போய்விட்டது. ராத்திரி பத்து மணிக்கு நினைவு வந்திருக்கிறது. வெளியே மழை. முகப்பிலிருந்து பின்கட்டுக்கும் பின்கட்டிலிருந்து முகப்புக்கும் வேக வேகமாக நடக்க ஆரம்பித்திருக்கிறார். நாலாவது சுற்றில் அவர் வீட்டு ஆச்சி விளக்கைப் போட்டுக்கொண்டு வந்து கேட்டாராம்: "இந்நேரத்துல யாரைத் தேடுறீக?"